பழைய 'லாரா ஆஷ்லி' கவுன் ஒண்ணு தைக்க வந்திருக்கு, இந்தக் கம்பெனியோட கதை தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

மஞ்சக்குப்பம்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல லேடீஸ் டெய்லரிங் கடை வச்சிருக்கேன். பிளவுஸும் சுடிதாரும்தான் நமக்கு சோறு போடுது, ஆனா பாண்டில ஒயிட் டவுன், ஆரோவில் பக்கம் இருந்து கவுன், ஸ்கர்ட்டு, லினன் சட்டைன்னு அப்பப்ப ஆர்டர் வரும். இப்ப ஒரு வெளிநாட்டு அம்மா, அவங்க அம்மா சின்ன வயசுல போட்டதுன்னு ஒரு கவுனைக் கொண்டாந்து குடுத்து இதே மாதிரி நம்ம ஊர் கைத்தறி காட்டன்ல ஒண்ணு தச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. கணுக்கால் வரைக்கும் நீளம், கழுத்தை ஒட்டி நிக்கிற காலர், மார்ல வரிசையா பின் டக் (ஊசி கணத்துக்கு மெல்லிசா மடிச்சுத் தைக்கிறது), கை மேல பஃப் வச்சு மணிக்கட்டுல இறுக்கி பட்டன், கீழ அகலமா ஒரு ஃப்ரில். துணி நல்ல அழுத்தமான காட்டன், பழுப்பு கலந்த வெள்ளைல கரும்பச்சைல பொடிப்பொடி பூ. உள்ள டேக்ல லாரா ஆஷ்லின்னு போட்டு கீழ மேட் இன் வேல்ஸ்னு இருக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது, இது எந்தக் காலத்து உடுப்பா இருக்கும், இந்த லாரா ஆஷ்லிங்கறது ஒரு ஆளா இல்ல கம்பெனிக்கு வச்ச பேரா, இப்பவும் கடை இருக்கா? தையலைப் பாத்தா ஃபேக்டரி தையல்தான், ஆனா டக் எல்லாம் அவ்ளோ பொறுமையா போட்டிருக்காங்க, தச்சவங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. இன்னொண்ணு, இந்தப் பூவைப் பாத்ததும் எங்க பாட்டி பெட்டில கெடந்த சீட்டிப் பாவாடை, அதான் பூப் போட்ட காட்டன் பாவாடை, ஞாபகம் வந்துச்சு, அப்படியே அதே ஜாதி பூ. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் நம்ம ஊருக்கும் எதனா சம்பந்தம் இருக்குமா? தெரிஞ்சவங்க விவரமாவே எழுதுங்க, நீளமா இருந்தாலும் படிப்பேன்.

பாரிஸ்_முத்தியால்பேட்டை:

அக்கா வணக்கம், நான் பொறந்தது பாண்டி முத்தியால்பேட்டை, வேலை பாரிஸ்ல பழைய துணி வாங்கி விக்கிற கடைல, அதனால இந்த டேக் கைல அடிக்கடி வரும். நீங்க சொல்ற வர்ணனைக்கு 1970கள் உடுப்புதான். வேல்ஸ்ங்கறது பிரிட்டன்ல ஒரு பகுதி, அங்க தச்சதுன்னு போட்ட டேக்குக்கு இங்க தனி மதிப்பு உண்டு, தேடி வந்து வாங்கறவங்க இருக்காங்க, அதனால முதல்ல சொல்லிடறேன், அதைப் பிரிச்சுடாதீங்க.

லாரா ஆஷ்லி நெஜமான ஆளுதான். 1925ல வேல்ஸ்ல மெர்தர் டிட்ஃபில் பக்கத்துல டவ்லைஸ்ங்கற ஊர்ல அவங்க பாட்டி வீட்ல பொறந்தாங்க, குடும்பம் லண்டன்ல இருந்தாலும் பிரசவம் தாய் வீட்லதான்னு அவங்க அம்மா ஊருக்குப் போயிட்டாங்களாம், நம்ம பழக்கம் மாதிரியேதான். இரண்டாம் உலகப்போர்ல கடற்படையோட பெண்கள் பிரிவுல வேலை பாத்தாங்க. 1949ல பெர்னார்ட் ஆஷ்லியைக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் லண்டன்ல கிராமத்துப் பெண்கள் சங்கங்களோட தலைமை ஆபீஸ்ல செக்ரட்டரி வேலை. அந்தச் சங்கம் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு கைவேலைக் கண்காட்சி வச்சுது, அதைப் பாத்துட்டு லாராவுக்கு ஒட்டுத்துணி போர்வை தைக்கணும்னு ஆசை, ஆனா அதுக்கு வேணும்ங்கற பழைய காலத்துச் சின்னப் பூப் போட்ட துணி எந்தக் கடைலயும் கிடைக்கல. கிடைக்கலன்னா நாமளே அடிச்சுப்போம்னு 1953ல லண்டன்ல பிம்லிக்கோங்கற இடத்துல அவங்க குடியிருந்த சின்ன ஃபிளாட்ல சமையல் மேசை மேலயே ஸ்க்ரீன் பிரிண்ட் போட ஆரம்பிச்சாங்க. கட்டை, சாயம், துணி எல்லாத்துக்கும் சேத்து போட்ட முதல் 10 பவுண்டு. ஸ்க்ரீனும் மெஷினும் புருஷன் செய்வார், டிசைன் பொண்டாட்டி. அந்த வருஷம்தான் ஆட்ரி ஹெப்பர்ன் ஒரு படத்துல ஸ்கார்ஃப் கட்டிட்டு வந்து பொண்ணுங்க எல்லாரும் அதே மாதிரி கேக்க ஆரம்பிச்சாங்க, இவங்க அடிச்ச ஸ்கார்ஃபை ஜான் லூயிஸ் மாதிரி பெரிய கடைங்களே ஆர்டர் குடுத்து வாங்குச்சு. சும்மா ஆஷ்லின்னு இருந்த கம்பெனிப் பேர்ல லாராவையும் சேத்தாங்க, விக்கிற பொருளுக்கு பொம்பளை பேரு பொருந்தும்னு.

லண்டன்ல இடம் பத்தாம 1955ல கென்ட் பக்கம் போனாங்க, அங்க 1958ல ஆறு வெள்ளம் வந்து மெஷின், சாயம், துணி எல்லாம் போச்சு. கடலூர்க்காரங்களுக்கு அது எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம். திரும்ப எழுந்திரிச்சு 1960 வாக்குல வேல்ஸுக்கே போயிட்டாங்க. மக்கின்லெத்ங்கற சின்ன ஊர்ல 1961ல முதல் கடை, அதுல துணியோட தேனும் கைத்தடியும்கூட வித்தாங்க. அப்புறம் கார்னோங்கற கிராமத்துல ரயில் நின்னு போன பழைய ஸ்டேஷனைப் பிடிச்சு ஃபேக்டரி ஆக்கினாங்க. உங்க கவுனை தச்சது அந்தப் பக்கத்து ஊர்ப் பொம்பளைங்களாத்தான் இருக்கணும், ஆட்டுப் பண்ணைங்க இருக்கிற மலைக் கிராமங்க, வேற வேலை கிடைக்காத இடம்.

மொதல்ல ஏப்ரன், வேலை செய்யறப்ப மேல போட்டுக்கற சட்டை, இதான் தச்சாங்க. 1966ல தான் வெளிய போட்டுட்டுப் போற மாதிரி நீளக் கவுன். அந்த நேரம் ஊரே முட்டிக்கு மேல மினி ஸ்கர்ட் போட்டுட்டு இருக்கு, இவங்க கணுக்கால் வரைக்கும் தச்சாங்க பாருங்க, அந்தத் துணிச்சல்தான் எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்சது. 1968ல லண்டன்ல சவுத் கென்சிங்டன் பக்கம் பெல்ஹாம் ஸ்ட்ரீட்ல கடை போட்டாங்க, யாவாரம் சரியா இல்ல, பாதாள ரயில்ல விளம்பரம் ஒட்டினப்புறம் கூட்டம் வந்துச்சு. ஃபுல்ஹாம் ரோடு கடைல 1970ல ஒரே வாரத்துல 4,000 கவுன் போச்சு. 1974ல பாரிஸ்லயும் கடை வந்துச்சு.

சோகம் என்னன்னா 1985 செப்டம்பர்ல, அவங்க 60வது பொறந்த நாளன்னிக்கு பொண்ணு வீட்ல மாடிப்படில விழுந்துட்டாங்க, பத்து நாள்ல 17ஆம் தேதி உயிர் போயிடுச்சு. கார்னோ சர்ச் பக்கத்துலயே புதைச்சாங்க. அப்ப உலகம் முழுக்க 200க்கு மேல கடை. ரெண்டு மாசம் கழிச்சு கம்பெனி ஷேரு மார்க்கெட்டுக்கு வந்தப்ப 34 மடங்கு விண்ணப்பம் வந்துச்சு, அவங்க அதைப் பாக்கல.

தேவனாம்பட்டினம்_காத்து:

பாட்டி பாவாடையும் இதும் ஒரே ஜாதி பூன்னு சொன்னீங்களே அம்மா, உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. நான் ரிட்டயர்டு வாத்தியார், கடலூர் சரித்திரம்னா ராத்திரி பூரா பேசுவேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

லாரா ஆஷ்லி பூவெல்லாம் அவங்க கற்பனைல இருந்து வந்தது இல்ல, 18ஆம், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பிரிண்டு துணிங்க, பழைய டிசைன் புத்தகங்க, போர்வைங்க, இதுலேர்ந்து எடுத்து ஒரு கலர் ரெண்டு கலர்ல அடிச்சது. அந்த இங்கிலாந்து பிரிண்டுக்கு மூலம் எது? நம்ம சோழமண்டலக் கரைல இருந்து கப்பல் கப்பலா போன சீட்டித் துணி. மசூலிப்பட்டினத்துல இருந்து தெக்க நாகப்பட்டினம் வரைக்கும் இந்தக் கரை முழுக்க சாயக்காரங்க இருந்தாங்க. 1690ல இங்கிலீஷ்காரங்க நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்கிட்ட வெலைக்கு வாங்கி செயின்ட் டேவிட் கோட்டைன்னு பேர் வச்சாங்க, பீரங்கி சுட்டு குண்டு எவ்ளோ தூரம் விழுதோ அதுவரைக்கும் ஊரு எங்களுதுன்னு எடுத்துக்கிட்ட கதை கடலூர்ல எல்லாருக்கும் தெரியும். அவ்ளோ காசு குடுத்து இந்த மணல்ல கோட்டை எதுக்கு? முக்கியமா துணிக்குத்தான். பாண்டில பிரெஞ்சுக்காரங்க, பரங்கிப்பேட்டைல டச்சுக்காரங்க, எல்லாருக்கும் அதேதான்.

ஐரோப்பால பொம்பளைங்க இந்தத் துணி மேல எவ்ளோ பைத்தியமா இருந்தாங்கன்னா அவங்க ஊரு நெசவாளிங்க பொழப்பு போச்சுன்னு கலவரமே பண்ணாங்க. பிரான்ஸ் 1686ல தடை போட்டுது, 1759 வரைக்கும் தடை. இங்கிலாந்து 1700ல இறக்குமதிக்குத் தடைச் சட்டம், அது பத்தாம 1721ல உடுத்தவே கூடாதுன்னு இன்னொரு சட்டம், அது நீங்கினது 1774ல. அந்த இடைவெளில அவங்க ஆளுங்க நம்ம பூவை வச்சு அங்கயே அடிக்கக் கத்துக்கிட்டாங்க, செம்புத் தகடு, அப்புறம் உருளை மெஷின். மெஷின்ல அடிக்க லேசா இருக்கணும்னு பூ சின்னதாச்சு, கலர் கொறைஞ்சுது. அந்தச் சின்னப் பூதான் இருநூறு வருஷம் கழிச்சு பிம்லிக்கோல சமையல் மேசைக்கு வந்திருக்கு.

பாண்டிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. 1730கள்ல பாண்டிச்சேரிக்கு வந்த பியூலியூங்கற பிரெஞ்சு கப்பல் படை அதிகாரி, சாயக்காரர் பக்கத்துலயே உக்காந்து வேலையைப் பாத்து, ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதும் துணில ஒரு துண்டு வெட்டி காயிதத்துல ஒட்டி குறிப்பு எழுதி எடுத்துட்டுப் போனார். அந்தத் துண்டுங்க இன்னிக்கும் பாரிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. 1742ல கேர்து பாதிரியார் எழுதின கடிதமும் அதே விஷயம், புதுசா கிறிஸ்தவத்துக்கு வந்த சாயக்காரங்ககிட்ட கேட்டு எழுதினது. துணியை கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணில நனைக்கிறது, கரித்தூள் தட்டி கோடு போடுறது, இரும்புத் தண்ணில கருப்பு, படிகாரம் தடவி சாயவேர்ல கொதிக்க வச்சா சிவப்பு, மெழுகு பூசி மறைச்சு அவுரில முக்கினா நீலம். இதுல சூட்சுமம் படிகாரம்தான், துணியையும் சாயத்தையும் சேத்துப் புடிக்கிறது அது, அதனாலதான் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் சிவப்பு போகாது. ஐரோப்பாக்காரங்களுக்கு அதான் புரியாம இருந்துச்சு. சாயவேர் நம்ம கடற்கரை மணல்ல விளையற செடி, அவுரி நம்ம தென்னாற்காடு முழுக்க போட்டாங்க, திண்டிவனம் பக்கம் இன்னிக்கும் அவுரி நீலம் எடுக்கறாங்க.

இதுல யாரு பேரும் நமக்குத் தெரியல. லாரா அம்மாவை நான் ஒண்ணும் குறை சொல்லல, அவங்க நேர்மையா பழசுல இருந்து எடுத்தேன்னுதான் சொன்னாங்க. ஆனா பியூலியூ பேரு இருக்கு, பாதிரியார் பேரு இருக்கு, சொல்லிக் குடுத்த சாயக்காரர் பேரை ஒருத்தரும் எழுதி வைக்கல. அது எனக்கு இன்னிக்கும் ஆத்தாம இருக்கு.

மஞ்சக்குப்பம்_தையல்:

சார், பாரிஸ் தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படிச்சுட்டு அந்தக் கவுனை மறுபடி எடுத்து வச்சுப் பாத்தேன். இவ்ளோ நல்லா ஓடின கம்பெனி அப்புறம் என்னாச்சு, அதை யாரும் சொல்லலியே?

ரோடியர்_மில்_பொண்ணு:

அக்கா நான் சொல்றேன். எங்க அப்பா பாண்டி ஏஎஃப்டி மில்லுல தறி ஓட்டினவர், நான் கார்மென்ட் எக்ஸ்போர்ட்ல மெர்ச்சண்டைசர், அதான் ஆர்டர் எடுத்து முடிச்சுக் குடுக்கிற வேலை பாத்தேன், அதனால இந்தக் கேள்வியை ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன்.

லாரா ஆஷ்லி கம்பெனியோட பலமே எல்லாம் அவங்ககிட்டயே இருந்ததுதான், டிசைன் அவங்களது, பிரிண்டு அவங்களது, தையல் அவங்களது, கடையும் அவங்களது. ஒரு பூ நல்லா போகுதுன்னா அதே பூல கவுன், சின்னப் பசங்க உடுப்பு, திரைச்சீலை, வால்பேப்பர்னு அடிச்சு வீட்டையே ஒரே மாதிரி ஆக்கிடலாம். லாரா அம்மா போனப்புறம், ஷேரு மார்க்கெட் காசு வந்தப்புறம், கடைய வேகமா தொறந்துட்டே போனாங்க, முக்கியமா அமெரிக்கால. அதே நேரம் ஆபீஸ் போற பொம்பளைங்க தோள்ல பேடு வச்ச கோட்டுக்கு மாறிட்டாங்க. 90கள்ல பல வருஷம் நஷ்டம், மேல உக்கார்ற ஆளு மாறிட்டே இருந்தாங்க, ஒருத்தர் வந்து ஒரு பிளான், அடுத்தவர் வந்து அதைத் தூக்கிட்டு வேற பிளான். ஒவ்வொரு ஃபேக்டரியா மூடிட்டு தையலை வெளிய குடுத்தாங்க. 1998ல மலேசியாவோட எம்யுஐ குரூப் கைக்குப் போச்சு. அப்புறம் கார்னோவும் மூடினாங்க. உடுப்பைவிட சோபா, திரைச்சீலைதான் அவங்க யாவாரம்னு ஆச்சு. 2020 மார்ச்ல கொரோனா பரவின நேரத்துல திவால், அப்ப பிரிட்டன்ல கிட்டத்தட்ட 150 கடை. பேரை மட்டும் கோர்டன் பிரதர்ஸ்ங்கற அமெரிக்கக் கம்பெனி வாங்குச்சு, அதுக்கப்புறம் நெக்ஸ்ட்ங்கற துணிக்கடைங்க மூலமா பிரிட்டன்ல சாமான் விக்குது, 2025ல அந்தப் பேரு மார்க்கீ பிராண்ட்ஸ்ங்கற இன்னொரு கம்பெனிக்குக் கை மாறிடுச்சு. ஆக லாரா ஆஷ்லி இருக்கான்னு கேட்டா இருக்கு, ஆனா உங்க கைல இருக்கிற டேக்குல போட்டிருக்கிற அந்த ஃபேக்டரி இல்ல.

எல்லாரும் ஃபேஷன் மாறினதால போச்சுன்னு எழுதறாங்க, எனக்கு அதுல பாதிதான் சம்மதம். ஃபேஷன் போகும், வரும், 2020லயே அந்த நீளக் கவுன் ஃப்ரில்லோட திரும்ப வந்துச்சு, பாரிஸ் தம்பி கடைல தேடி வாங்கறாங்கன்னு அவரே சொல்றார். ஆனா அது வந்தப்ப தச்சுக் குடுக்க அவங்ககிட்ட சொந்த மெஷினும் இல்ல, கை பழகின ஆளும் இல்ல. டக் போடக் கத்துக்கிட்ட ஒரு தலைமுறையை வீட்டுக்கு அனுப்பிட்டா அதை எந்தக் கம்பெனியும் காசு குடுத்துத் திரும்ப வாங்க முடியாது. எங்க அப்பா மில்லு 1898ல தொடங்கினது, ரோடியர் மில்லுன்னுதான் ஊர்ல பேரு, 2011 தானே புயல்ல அடிபட்டு, அப்புறம் முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு அதுவும் 2020 ஏப்ரலோட மூடிட்டாங்க. அந்த ரெண்டு செய்தியையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல படிச்சேன். கார்னோல அந்த ஃபேக்டரிலருந்து வெளிய வந்த பொம்பளைங்களை நெனச்சா எனக்கு அந்நியமாவே தோணல.

பாரிஸ்_முத்தியால்பேட்டை:

அக்கா நீங்க சொல்றது நியாயம்தான். ஒண்ணு மட்டும் சேக்கறேன், இங்க கடைக்கு வர்றவங்க 70கள் உடுப்பைத்தான் கேக்கறாங்க, அதே பேர்ல பின்னாடி வந்த உடுப்பு ரேக்லயே தொங்குது. துணியைத் தொட்டுப் பாத்தாலே வித்தியாசம் தெரிஞ்சிடும். சார், பியூலியூ குறிப்பு இருக்கிற மியூசியம் நான் வேலைக்குப் போற வழிதான், இது தெரியாமலே கடந்து போயிட்டு இருந்திருக்கேன், பாக்க அனுமதி குடுப்பாங்களான்னு விசாரிச்சு எழுதறேன்.

கட்டிங்_மாஸ்டர்_பாண்டி:

கதையெல்லாம் நல்லா இருக்கு, தங்கச்சி கைல வேலை இருக்கே, அதுக்கு நான் சொல்றேன். நாப்பது வருஷத்துக்கு மேல பழகின காட்டன், தையலைப் பிரிச்சா ஊசி ஓட்டை எல்லாம் கிழிஞ்சு விரியும், தம்பி சொன்ன மாதிரி பிரிக்கவே கூடாது. மேசை மேல மெத்துனு கம்பளி விரிச்சு, அது மேல பிரவுன் பேப்பர், அது மேல கவுனை ஒவ்வொரு பாகமா சுருக்கம் இல்லாம பரத்தி வச்சுக்கங்க. மெல்லிய ஊசியால தையல் கோடு மேல மட்டும் குத்திக் குத்திப் போனா பேப்பர்ல புள்ளி விழும், அதைச் சேத்துக் கோடு போட்டா பேட்டர்ன் வந்துடும். துணிக்கு நடுவுல எங்கயும் குத்தாதீங்க. நூல் நேர் எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒவ்வொரு பாகத்துலயும் அம்புக்குறி போட்டுக்கங்க, கைக்கு அது மாறினா பஃப் நிக்காது, தொங்கிடும்.

ஃப்ரில்லுக்கு சுருக்கின அளவைப் பாக்காதீங்க, சுருக்கு உள்ள எவ்ளோ துணி இருக்குன்னு நூல் வச்சு அலை அலையா அளந்து பாக்கணும். பின் டக் பாகத்துக்கு துணில முதல்ல டக் போட்டு அயர்ன் பண்ணிட்டு அப்புறம்தான் மார் பீஸ் வெட்டணும், வெட்டிட்டு டக் போட்டா அளவு சுருங்கிடும், அது உங்களுக்கே தெரியும்.

கைத்தறி எடுக்கறீங்கன்னா ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு நிழல்ல காயப்போட்டு அப்புறம் வெட்டுங்க, கஞ்சி போயி சுருங்கறது அப்பவே சுருங்கிடட்டும். கைத்தறில அகலம் கம்மியா வரும், இந்த மாதிரி கவுனுக்கு மீட்டர் கூட எடுத்து வச்சுக்கங்க. பூ வேணும்னு அந்த அம்மா பிடிவாதம் பிடிச்சா மசூலிப்பட்டினம் பக்கம் பெடனால அடிக்கிற பிளாக் பிரிண்டு பாருங்க, இல்லன்னா ஜெய்ப்பூர் சாங்கனேர் துணி, சின்னப் பூவுக்கு அதான் நல்லா வரும். மொதல்ல காடா துணில ஒண்ணு வெட்டி அந்த அம்மாவைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அது அவங்க அம்மா உடம்புக்குத் தச்ச அளவு, இடுப்பு அந்தக் காலத்துல மேல ஏறி இருக்கும், இவங்களுக்கு எங்க உக்காருதுன்னு பாத்து மாத்திக்கங்க. பழசை ஹேங்கர்ல மாட்டாம வெள்ளைத் துணில சுத்தி மடிச்சுத் திருப்பிக் குடுங்க.

மஞ்சக்குப்பம்_தையல்:

மாஸ்டர் அண்ணே, டக் போட்டுட்டு வெட்டறதுதான் நம்ம வழக்கமும். சந்தேகம் ஒண்ணே ஒண்ணு, காலர் நிக்கறதுக்கு உள்ள கேன்வாஸ் மாதிரி எதுவும் தட்டுப்படல, ஆனா வெறைப்பா நிக்குது. அதே துணியை ரெட்டையா வச்சிருப்பாங்களா?

கட்டிங்_மாஸ்டர்_பாண்டி:

ஆமா, அதே துணி ரெண்டு மடிப்புதான் இருக்கும், அழுத்தமான காட்டன் அதுவே நிக்கும். உங்க கைத்தறி மெல்லிசா இருந்தா நடுவுல வெள்ளை கேம்ப்ரிக் (மெல்லிய காட்டன்) ஒரு அடுக்கு வைங்க, ஒட்டற கேன்வாஸ் வேணாம், நாலு வெளுப்புல கொப்புளம் விடும்.